அடுத்த டர்ன் தபாலில்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

வந்துவிட்டதா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

'ஏழு கரைகள்' விளையாட்டின் இரண்டாம் பாகம் போன வெள்ளிக்கிழமை வெளியாவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் பாகத்தை ஆறு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து விளையாடியவர்கள் நாம். "ஓரகத்திங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல எப்படி அடிச்சுக்காம இருக்கீங்க?" என்று எதிர்வீட்டு டீச்சர் கேட்டதற்கு நீங்கள் சொன்னீர்களே, "யார் சொன்னா? தினம் சாயங்காலம் அடிச்சுக்கறோமே, கம்ப்யூட்டர்ல!" என்று. நீங்கள் கல் மேல் கல்லாக மதில் எழுப்புவீர்கள். நான் குதிரைகளோடு சுற்றிவளைத்து வந்து பின்வாசலை உடைப்பேன். அந்தச் சுகம் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

இங்கே மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடுகிறார்கள். என் வேலை, அதற்கு ஊற்றும் கான்கிரீட்டைச் சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் வைத்து நொறுக்கிப் பார்ப்பது. எவ்வளவு அழுத்தத்தில் உடைகிறது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நொறுக்குகிற வேலைக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள், கரும்பு தின்னக் கூலி! ஆனால் செல்போனில் ஒரு கோடுகூட சிக்னல் வராது. ஆபீசில் ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் அவசரத்துக்கு மட்டும். விளையாட்டு அவசரத்தில் சேராதாம், அதிகாரி சொல்லிவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை சாமான் லாரியில் தபால் பை வரும். அதனால் ஒரு பென் டிரைவில் விளையாட்டைப் போட்டு, கடிதத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

உங்கள் கொழுந்தன் நலம். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்புகள் அவர் பொறுப்பு. அண்ணனைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். பெரியத்தானுக்கு இன்னும் கோபம்தானா?

குதிரைக்காரி


பிப்ரவரி 20

குதிரைக்காரிக்கு,

வந்துவிட்டது. வராமலேயே இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பல் லேபில் எனக்கு வேலையே ஓடவில்லை. மெழுகில் பல் செதுக்கும்போது நினைப்பெல்லாம் வீட்டில். ஒரு கோரைப்பல்லைக் கொஞ்சம் நீளமாகச் செதுக்கிவிட்டேன். யார் வாய்க்குப் போக இருந்ததோ, நல்லவேளை எங்கள் மேற்பார்வையாளர் கண்ணில் பட்டது. "ஏம்மா, செட் கேட்டது மனுஷனுக்கு" என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து, கைகழுவி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கால்மணி நேரம் நான் அழாத குறை. அவ்வளவு அழகு! ஆற்றுத் தண்ணீர் மினுங்குகிறது, மரத்தில் ஒவ்வொரு இலையும் தனியாக ஆடுகிறது. பிறகு மதில் கட்டப் போனேன். மதில் கட்ட முடியாது. கோட்டையே தயாராக வருகிறது. சின்னது, நடுத்தரம், பெரியது. சட்டைக் கடையா இது? குளிர்காலத்தையே எடுத்துவிட்டார்கள். ஆறு உறைந்ததும் பனிமேல் நடந்து வந்து என் கழுத்தைப் பிடிப்பாயே, அது இனி கிடையாது. போதாக்குறைக்கு ஓர் அமைச்சர். நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து, "அரசியே, இங்கே அழுத்துங்கள்" என்கிறார். அழுத்தினால் போரில் ஜெயித்துவிடுகிறேன். நான் எதற்கு? அவரே அழுத்திக்கொள்ளலாமே.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை தெரியும். இவர்கள் அந்தக் கட்டெறும்புக்குப் பட்டுச்சட்டையும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

நீ நம்பமாட்டாய். அதனால் உன் பெயரில் ஒன்று வாங்கி இந்த உறையில் வைத்திருக்கிறேன்.

உன் பெரியத்தான் கோபம் அப்படியேதான் இருக்கிறது. வேலைக்கு மனுப்போட்டது, தேர்வானது, டிக்கெட் எடுத்தது எல்லாம் முடிந்த பிறகு, சாப்பிடும்போது சொன்னீர்களே, அந்த 'முடிந்த பிறகு' இன்னும் அவர் தொண்டையிலேயே நிற்கிறது. மேஜையில் தம்பியின் நாற்காலியை யாரும் நகர்த்தக் கூடாது. ஆனால் தம்பியின் பேச்சையும் யாரும் எடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தோடு பேருந்து ஓட்டப் போய்விட்டு வருகிறார்.

கோட்டைக்காரி


மார்ச் 2

அக்கா,

அது திறக்கவே இல்லை!

லாரி வந்ததும் தபால் பையை நானே அவிழ்த்தேன். ஆபீஸ் எழுத்தர் முறைத்தார். அறைக்கு ஓடி, மடிக்கணினியில் பென் டிரைவைச் செருகி, ஏற்றி, விளக்கை அணைத்து, உங்கள் கொழுந்தனை "பேசாதீங்க" என்று அதட்டி உட்காரவைத்தால், திரையில் ஒரே ஒரு வரி. 'இணைய இணைப்பு தேவை.' மறுபடி திறந்தேன். 'இணைய இணைப்பு தேவை.' தனியாக விளையாடுகிறவளுக்கு எதற்கு இணையம்? இலை ஆடுவதைக்கூட எனக்குக் காட்டவில்லை, பாவிகள்.

மறுநாள் லேபில் பத்துக் கட்டிகளை நொறுக்கினேன். ஒவ்வொன்றிலும் அந்த அமைச்சர் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

அழுது தீர்த்தாயிற்று. அக்கா, வேறு ஏதாவது தேடுங்கள். உலகத்தில் அந்த ஒரு விளையாட்டுத்தானா இருக்கிறது? இணையம் கேட்கக் கூடாது. என் மடிக்கணினி பழசு, ஜெனரேட்டர் கரன்டில் மூச்சு வாங்குகிறது, அதற்கேற்ற மாதிரி லேசாக இருக்க வேண்டும். யோசிக்கவைக்க வேண்டும், தோற்கவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நான் உங்களைத் தாக்க முடிய வேண்டும். இயந்திரத்தோடு சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதற்கு ரோஷமே வரமாட்டேன் என்கிறது.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை உங்கள் கொழுந்தனுக்குப் படித்துக்காட்டினேன். "நான் என்ன சின்னப் பையனா? எல்லாத்துக்கும் அண்ணன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுமே, ஆணி அடிச்சாரா?" என்று கேட்டார்.

குதிரைக்காரி


மார்ச் 18

குதிரைக்காரிக்கு,

கிடைத்துவிட்டது! பொறு, வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் என் கஷ்டம் உனக்குத் தெரியாது.

இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. இரண்டாம் பாகத்தால் நொந்துபோனவர்கள் எல்லாரும் அங்கே கூடிப் புலம்புகிறார்கள். நானும் போய் ஒரு மூச்சுப் புலம்பிவிட்டு, "எனக்கு ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

முதலில் விண்வெளிப் பேரரசு. நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிடிக்க வேண்டும். பிரமாதம் என்று இறங்கினால், திரை முழுக்கக் கட்டம், கட்டத்துக்குள் எண், எண்ணைத் தொட்டால் இன்னொரு கட்டம். பேரரசியாகப் போன நான் கணக்குப்பிள்ளையாகத் திரும்பினேன். அடுத்தது பனியில் தனித்து நிற்கும் ஓர் ஊர். விறகு குறைவு, உணவு குறைவு, யாருக்குக் கொடுப்பது என்று நாம் முடிவெடுக்க வேண்டும். நல்ல விளையாட்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு தச்சனைக் குளிரில் சாகவிட்டுவிட்டு, மறுநாள் லேபில் வேலை செய்யும்போதெல்லாம் அந்த ஆள் ஞாபகம். அதிலும் நீ வந்து என்னைத் தாக்க வழியில்லை. இன்னொன்றில் படைகள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் என் நாடு போய்விட்டது.

கைவிடலாம் என்று இருந்தபோது, மன்றத்தில் ஓர் ஆள் போகிற போக்கில் எழுதினார்: "அழகு வேண்டாம், மூளை போதும் என்றால் 'கணவாய்' விளையாடுங்கள்."

தங்கச்சி, பார்க்க அவ்வளவு அசிங்கம்! மலைக்கு ஒரு முக்கோணம், காட்டுக்குப் பச்சைப் புள்ளி, குதிரைக்கு ஓர் எழுத்து. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் தங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்ததாம். ஆனால் உள்ளே போய்ப் பார். வரைபடத்தின் நான்கு மூலையில் நான்கு நாடு, நடுவில் ஒரே ஒரு கணவாய். மதிலைக் கல் கல்லாகக் கட்டலாம். குளிர்காலம் இருக்கிறது! நனைந்த குதிரைக்குச் சளி பிடிக்கிறது!

முக்கியமானது இனிமேல்தான். ஒரு டர்ன் என்றால் ஒரு முழுப் பருவம். அந்தப் பருவத்துக்கு வேண்டிய கட்டளைகளை எல்லாம் உட்கார்ந்து யோசித்து மொத்தமாகப் போட்டு, ஒரு கோப்பாகச் சேமிக்கலாம். அதைப் பென் டிரைவில் தபாலில் அனுப்பு. என்னுடையதையும் சேர்த்து இங்கே ஓட்டினால் யார் யாரை அடித்தார்கள் என்று வந்துவிடும். அந்த முடிவை உனக்குத் திருப்பி அனுப்புவேன். இணையம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், சாமான் லாரி போதும்! எதிராளிக்குத் தூது அனுப்பவும் ஒரு பெட்டி உண்டு, ஒரு டர்னுக்கு ஒரே ஒரு வரி.

நான் தெற்கு. நீ வடக்கு. கிழக்கையும் மேற்கையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். வா, பார்க்கலாம்.

கோட்டைக்காரி


மார்ச் 28

அக்கா! அக்கா! அக்கா!

இது விளையாட்டா, போதை மருந்தா? கட்டி வார்க்கும்போது கணவாய், குளிக்கும்போது கணவாய். நேற்று இயந்திரத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, நான் வடக்குக் காட்டில் எத்தனை குதிரையை ஒளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். கட்டி டமாரென்று வெடித்தபோதுதான் இந்த உலகத்துக்கு வந்தேன்.

கட்டளைகளைப் போட்டுவிட்டேன். என்ன போட்டேன் என்று சொல்லமாட்டேன். லாரி புறப்படுகிறவரைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், நான் ஒரு கையால் அவரை நிறுத்திவைத்து, மறுகையால் காவல்படையை ஆற்றங்கரைக்கு நகர்த்தினேன். உறையை வாங்கிக்கொண்டு, "ஏதாவது அவசர ரிப்போர்ட்டா மேடம்?" என்றார். "ரொம்ப அவசரம்" என்றேன்.

உங்கள் கொழுந்தன் முதலில், "என்னது இது, கோழி கிளறின மாதிரி?" என்று சிரித்தார். இரண்டு நாளில் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நேற்று, "அந்த மேட்டுல ஏன் ஆள் வைக்கல?" என்கிறார். வேடிக்கை பார்க்க வந்தவருக்கு ஆலோசனை எதற்கு? விரட்டிவிட்டேன்.

பதில் வருகிறவரை நகம் கடிப்பேன். சீக்கிரம்!

குதிரைக்காரி


ஏப்ரல் 10

குதிரைக்காரிக்கு,

படுபாவி. காட்டில் மொத்தக் குதிரையையும் ஒளித்துவைத்தாயா? என் வடக்கு மதிலின் பாதி போயிற்று. கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்று எத்தனை நாளாயிற்று! ஆனால் மீதிப் பாதி மதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீ பார்க்கவில்லை. முடிவைத் திறந்து பார், புரியும்.

இப்போது ஒரு ரகசியம். மேற்கு நாட்டு ராஜாவாக இருந்த இயந்திரம் ஒரு மண்டு. மழைக்காலத்தில் சதுப்பில் படையை நிறுத்தியது. இவர் டியூட்டி முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த முட்டாள் அவன்? ஈர மண்ணுல வண்டியை நிறுத்துவானா?" என்றார். அது ஆளில்லை, இயந்திரம் என்றேன். "நகரு" என்றார்.

நகர்ந்தேன். அந்தச் சாயங்காலம் முழுக்க அவர் நகரவில்லை. மேற்கு இனி உன் பெரியத்தானுடையது. பேருந்து ஓட்டுகிற மாதிரியே நாட்டையும் ஓட்டுகிறார். பின்னால் ஒரு கண், பக்கவாட்டில் ஒரு கண், பாலம் வந்தால் நின்று பார்த்துத்தான் போவது. வீட்டில் பேச்சு வந்திருக்கிறது, தங்கச்சி. சாப்பிடும்போது, "குளிர்காலத்துல கணவாய் மூடிடுமா?" என்று கேட்கிறார். போன மாதமெல்லாம் உப்பைத் தள்ளு என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

உன் வீட்டுக்காரரிடம் சொல்லாதே. இயந்திரம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். தெரிந்தால் இரண்டு பேரும் முறுக்கிக்கொள்வார்கள்.

கோட்டைக்காரி


ஏப்ரல் 21

அக்கா,

மன்னிக்கவும். நான் வாயே திறக்கவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது.

முடிவைத் திறந்ததும் உங்கள் கொழுந்தன் வந்து நின்றார். நான் என் இடிந்த முன்னணிப் படையைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறேன் (மதிலுக்குப் பின்னால் இன்னொரு மதிலா? மனுஷியா நீங்கள்?). அவர் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். பிறகு, "பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஆள் வெச்சிருக்கான்" என்றார். "ம்" என்றேன். "வண்டிகளுக்கு நடுவுல இடைவெளி விட்டிருக்கான்." நான் திரும்பவே இல்லை. "இது மெஷின் இல்ல. இது எங்கண்ணன்."

பாம்பின் கால் பாம்பறியும் என்பது சரிதான்.

கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். வெளியேதான் போனார். பம்பு ஷெட் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "கிழக்கு காலியாத்தானே இருக்கு?" என்றார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். என் மடிக்கணினிக்காக நானே இப்போது வரிசையில் நிற்கிறேன்.

கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒரு தூதும் போகிறது. அதற்காக எத்தனை முறை தட்டி எத்தனை முறை அழித்தார் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அனுப்பியது இதுதான்: "உங்க தெற்கு எல்லை காலியா கெடக்கு. அண்ணி வந்துடுவாங்க."

உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார், அக்கா. எனக்கு ஒரே குஷி.

குதிரைக்காரி


மே 16

குதிரைக்காரிக்கு,

காட்டிக்கொடுத்த என் கொழுந்தனிடம் சொல், அண்ணி மறக்கமாட்டாள் என்று.

அந்த ஒரு வரியை இவர் எத்தனை முறை படித்தார் என்று கேட்காதே. படித்துவிட்டு, "இவன் யாரு எனக்குச் சொல்றதுக்கு?" என்று உறுமினார். உடனே தெற்கு எல்லையில் மூன்று காவல்கோபுரம் எழுப்பினார். பதில் தூது எழுத உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆறின தேநீரை இரண்டு முறை சுடவைத்துக் கொடுத்தேன். கடைசியில் ஒரே சொல்: "பார்த்துக்கறேன்."

அதற்கப்புறம் நடந்த டர்ன் எனக்குக் கனவு மாதிரி இருக்கிறது. அண்ணனும் தம்பியும் கணவாயில் மோதிக்கொண்ட மோதல் இருக்கிறதே! இவர் வண்டிகளை மேட்டில் வரிசையாக நிறுத்தி அம்பு விட்டார். அவன் பம்புக்காரன் ஆயிற்றே, மேலே அணைகட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டான்! முடிவை ஓட்டியதும் இவர் எழுந்து நின்று கைதட்டினார். தன் படையே அடித்துக்கொண்டு போகிறது, மனுஷன் கைதட்டுகிறார். "யாரோட தம்பி அவன்!" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல. கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இவர்கள் அங்கே மல்லுக்கட்ட, நான் சத்தமில்லாமல் மேற்கில் இரண்டு ஊரைப் பிடித்துவிட்டேன். நீ கிழக்கில் பிடித்தது மூன்று என்று தெரிகிறது. பேசாமல் இப்படியே போவோமா?

இந்த முறை இவர் அனுப்பும் தூதைப் பார்: "உன் குதிரைங்க குளிர்ல வெளியில நிக்குது. கொட்டகை போடு. சளி பிடிக்கும்." எதிரிப் படைக்கு! ஆனால் ஒன்று. ஆபீஸ் தொலைபேசிக்கு ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்றால், "அவன் பேசட்டும்" என்கிறார். அந்த மதில் மட்டும் இடியமாட்டேன் என்கிறது.

கோட்டைக்காரி


ஜூன் 8

அக்கா,

கொட்டகை போட்டுவிட்டார். மொத்தக் குதிரைக்கும். அந்த மரத்தை வைத்துப் பாலம் கட்டியிருந்தால் இரண்டு டர்னில் உங்களை முடித்திருக்கலாம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அண்ணன் சும்மா சொல்லமாட்டாரு" என்றார். இங்கேயும் அதே பாட்டுத்தான்: "அவர் கூப்பிடட்டும்."

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. சாமான் லாரி இந்த வாரம் ஒருநாள் தாமதம். சாலையில் அங்கங்கே மண் சரிகிறது என்று ஓட்டுநர் சொன்னார். சுரங்கத்தில் தண்ணீர் ஊற்று அதிகம், உங்கள் கொழுந்தனுக்கு இரட்டை வேலை. ஆனால் டர்னைப் போடாமல் விடவில்லை. ஈரக்கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, என் மூன்று ஊரில் இரண்டைத் திருப்பிப் பிடிக்கக் கட்டளை போட்டுவிட்டார். என் வீட்டுக்குள்ளேயே எனக்குப் பாதுகாப்பு இல்லை.

இதோ இரண்டு பேர் கட்டளையும். சீக்கிரம் ஓட்டி அனுப்புங்கள். காத்திருந்தே சாகிறேன்.

குதிரைக்காரி


ஜூலை 6

தங்கச்சி,

இது எப்போது உன் கைக்கு வரும் என்று தெரியவில்லை. தபால் நிலையத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள், போய்ச்சேரும் நாளைச் சொல்லவில்லை.

உங்கள் பக்கம் மலை சரிந்து சாலை மூடிவிட்டது என்று செய்தியில் பார்த்தோம். ஆபீஸ் எண்ணுக்குப் போட்டேன், மணியே போகவில்லை. நகரத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போட்டேன். "முகாம்ல எல்லாரும் பத்திரம்மா, கவலைப்படாதீங்க" என்றார்கள். நான் கொஞ்சம் மூச்சுவிட்டேன். இவர் விடவில்லை. "ஆபீஸ்காரன் அப்படித்தான் சொல்லுவான். சுரங்கத்துக்குள்ள தண்ணி இறைக்கிறவன் அவன். முதல்ல உள்ள போறது யாரு, கடைசியா வெளிய வர்றது யாரு?"

மூன்று நாள் வீட்டுக்குள் நடந்தார். நேற்று டிப்போவுக்குப் போய் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து, பையை எடுத்தார். எங்கே என்றேன்.

"போன டர்னோட முடிவு இங்கயே கெடக்குல்ல? தபால் போகாது. அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. அதை நான் குடுத்துட்டு வந்துடறேன்."

"இந்த மழையில டர்ன் குடுக்கவா போறீங்க?"

"பின்ன எதுக்கு?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். இவர் தானே ஆடிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. இன்று காலை, வெளுப்பதற்கு முன் போய்விட்டார். முழங்கால் வலிக்காரர், சாலை மூடிய இடத்திலிருந்து நடந்துதான் வர வேண்டும். வந்ததும் எப்படியாவது எனக்கு ஒரு வார்த்தை தெரிவி.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறீர்கள்தானே?

அக்கா


ஜூலை 10

அக்கா,

வந்துசேர்ந்துவிட்டார்! பத்திரமாக! நாங்களும் பத்திரம். தொலைபேசிக் கம்பி அறுந்துகிடக்கிறது. சாலை சரிசெய்ய வந்த பொறியாளர் இப்போது கீழே நடந்து போகிறார், அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். அவசரமாக எழுதுகிறேன், என் கையெழுத்தும் குதிக்கிறது.

நேற்று மத்தியானம். நான் தொட்டியிலிருந்து கட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். வாசல் காவலாளி ஓடிவந்து, "மேடம், உங்களைத் தேடி யாரோ பஸ் டிரைவர் வந்திருக்காரு" என்றார். இந்தச் சாலையில் பேருந்தே கிடையாது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிகளைத் தரையில் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், முழங்கால்வரை சேறு, தலையில் பிளாஸ்டிக் உறை, தோளில் பை. பெரியத்தான்!

"அவன் எங்க?" என்றார்.

பம்பு ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். உங்கள் கொழுந்தன் குனிந்து குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கையில் ஸ்பானரோடு அப்படியே நின்றார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். பம்பு காதைப் பிளந்தது. உங்கள் வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார். பேசினார் என்ன, கத்தினார், அந்தச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும்.

"தபால் வரல! அதான் டர்னை நானே எடுத்துட்டு வந்தேன்!"

"அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"ஆமா! உனக்கென்ன!"

சட்டைப்பையில் கைவிட்டார். இல்லை. பேண்ட் பையில் பார்த்தார். இல்லை. பையை ஷெட் தரையில் கவிழ்த்தார். துண்டு, டார்ச், முழங்கால் பட்டை, தம்பிக்கு ஒத்துக்கொள்ளும் அந்தச் சளி மருந்து இரண்டு பாட்டில், கம்பளி ஒன்று, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொருந்தும் அந்தப் பெரிய சைஸில் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. பென் டிரைவ் இல்லை.

"வெச்சேனே" என்றார். "சத்தியமா வெச்சேன்."

உங்கள் கொழுந்தன் அந்த பூட்ஸையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து சிரித்தார். பெரியத்தான், "சிரிக்காதடா" என்றார். சொல்லும்போதே அவருக்கும் வந்துவிட்டது. எப்போது அந்தச் சிரிப்பு வேறாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கொழுந்தன், "நான் முன்னாடியே சொல்லாம கிளம்பி வந்திருக்கக் கூடாதுண்ணே" என்றார். அவர், "விடு, விடு" என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்து மழையில் நின்றேன். லேபில் என் கட்டிகள் தரையிலேயே கிடந்தன, போய் எடுக்கவே தோன்றவில்லை.

இப்போது உள்ளே இரண்டு பேரும், அணையைத் திறந்துவிட்டது நியாயமா இல்லையா என்று சண்டை போடுகிறார்கள். பொறியாளர் கூப்பிடுகிறார். போகிறேன்.

குதிரைக்காரி


ஜூலை 19

குதிரைக்காரிக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். எதிர்வீட்டு டீச்சர் பயந்துபோய், "என்னாச்சும்மா, ஏன் அழறீங்க?" என்று ஓடிவந்தார். "ஜெயிச்சுட்டோம் டீச்சர்" என்றேன். யார் ஜெயித்தது, எதில் என்று அவர் கேட்கவில்லை. பாவம், நல்ல மனுஷி.

பென் டிரைவ் கம்ப்யூட்டரிலேயே செருகியபடி இருந்தது. பூட்ஸுக்கும் கம்பளிக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது, எதைக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாரோ அதற்கு மட்டும் இல்லை. இந்த உறையில் வைத்திருக்கிறேன். சாலை திறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

திறப்பதற்கு முன் ஒரு சின்ன விஷயம். உன் பெரியத்தான் போகிற அவசரத்தில் அடுத்த பருவத்துக்கான கட்டளைகளைப் போடாமல் போய்விட்டார். ஒரு நாட்டை அப்படி அநாதையாக விடலாமா? அதனால் மேற்கையும் நானே பார்த்துக்கொண்டேன்; கட்டளை வந்துசேராத வடக்கையும் கிழக்கையும் இயந்திரத்திடம் விட்டு, அந்தப் பருவத்தையும் ஓட்டிவிட்டேன். அவர் கட்டிய மூன்று காவல்கோபுரத்தையும் இடித்து, அந்தக் கல்லை என் மதிலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மேற்குப் படை மொத்தமும் இப்போது உன் நாட்டு எல்லையில் நிற்கிறது. அவருக்கு இன்னும் தெரியாது. நீயும் சொல்ல வேண்டாம், அண்ணனும் தம்பியும் சேர்ந்தே திறந்து பார்க்கட்டும்.

டிப்போவில் நான் பேசிவிட்டேன், இன்னும் பத்து நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். அவரை அவசரப்படுத்தி அனுப்பாதே. எனக்கு இங்கே இரண்டு நாட்டு வேலை இருக்கிறது.

கோட்டைக்காரி